கிறுகி என்று எழுதினேன்

12-02-98 வியாழன்

இன்றும் இல்லை. டவுனில் இருக்கும் மஜீட்டின் டெலிபோன் கடைதான் என் விலாசம். மட்டக்களப்பு வாவியின் இந்தப் பக்கத்துக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை. பால் கொண்டுபோனவரிடம் கேட்டுவரச் சொன்னேன். ஒன்றுமில்லையாம். கொழும்புக்குப் பிரதியை அனுப்பி நாற்பத்தொரு நாள். தயாரிப்பாளர் வல்லிபுரம் நல்ல மனிதர்தான். கடிதம் எழுதத்தான் கை வராது.

மின்சாரம் அறுந்து எட்டு வருடமான படுவான்கரையில் இருந்துகொண்டு தொலைக்காட்சிக்கு நாடகம் எழுதுகிறவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். இதுவரை நான்கு தொடர். நான் கண்ணால் கண்டது ஒன்று. அதிலும் 'வசனம்: விநாயகம்பிள்ளை' என்று போட்டார்கள். வினாயகமூர்த்தி என்று எழுத அவ்வளவு கஷ்டமா? கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

இது ஐந்தாவது. இதோடு எழுதுவதை விடுகிறேன் என்று சீதேவியிடம் சொன்னேன். "போன முறையும் சொன்னீங்க" என்றாள். முப்பத்தெட்டு வருட மனைவி. ஒன்றையும் மறக்கமாட்டாள்.

16-02-98 திங்கள்

புதிதாக வந்த கிராமசேவகர் குடும்ப அட்டை பதிய வந்தார். "மாஸ்டர் எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சீங்க?" என்று கேட்டார். படிப்பிக்கவுமில்லை, படிக்கவுமில்லை என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

நான் மாஸ்டர் ஆனது எட்டு வயதில். நாடகக் கம்பெனி நோட்டீசில் 'மாஸ்டர் வினாயகம்' என்று அடித்தார்கள். பாலபார்ட். குழந்தை வேடமெல்லாம் எனக்கு. எந்த நாடகம் என்றாலும் குழந்தை அழவேண்டும். எனக்கு அழுகை வராது. முதலாளி திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துத் தொடையில் கிள்ளி மேடைக்குத் தள்ளிவிடுவார். சனம் விம்மும். பதின்மூன்றில் குரல் உடைந்தது. கல்முனையில் வைத்து நெல் லொறி ஒன்றில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு யாரும் கிள்ளவில்லை. அழவுமில்லை.

எழுத்துப் பழகியது அந்த வசனக் கொப்பிகளைப் பார்த்து எழுதி எழுதித்தான். என் தமிழைத் திருத்த வருகிற பட்டதாரிகள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

19-02-98 வியாழன்

டைப் பண்ணிய பிரதி வந்துவிட்டது. முதல் வாரம் மட்டும். மஜீட்டின் கடை வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து படித்தேன். ஏழாம் பக்கம் வரை சந்தோசம்.

ஏழாம் பக்கத்தில் மகன் சண்டை பிடித்துக்கொண்டு சைக்கிளில் வீட்டை விட்டுப் போகிறான். வாசலில் நின்று தாய் சொல்கிறாள். நான் எழுதியது: "பெத்தவங்களக் கிறுகியும் பாராமப் போறான்." டைப்பில் இருப்பது: "பெத்தவங்களக் கிறுக்கியும் பாராமப் போறான்."

கிறுக்கி!

கிறுகி என்றால் திரும்பி. இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கிறுக்கி என்றால் பைத்தியக்காரி. ஒரு 'க்' போட்டு என் தாயைப் பைத்தியம் ஆக்கிவிட்டார்கள். உடனே கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

"அது பிழை விட்டதில்லை ஐயா" என்றார் வல்லிபுரம். "பிழையெண்டு நினைச்சு டைப் பண்ணுற பிள்ளை திருத்தினது."

"திருத்தினதா? அப்ப கிறுக்கு ஆருக்கு?"

"கோவிக்காதேங்கோ. திரும்பி எண்டு போடுவம். யாழ்ப்பாணம், மலைநாடு, எல்லாருக்கும் விளங்கும்."

"அந்தப் பொம்புள மட்டக்களப்பாள். அவ திரும்பி எண்டு சொல்லமாட்டா."

"நடிக்கிற பிள்ளை கொழும்பு. அவவுக்கு அந்தச் சொல்லு வாயிலை வருகுதில்லை. ஒத்திகையிலை எல்லாரும் சிரிக்கினம்."

"சிரிக்கட்டும். கிறுகி இல்லாட்டி நாடகமும் இல்ல."

வைத்துவிட்டேன். மஜீட் கணக்குக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "மாஸ்டர், இந்தச் சத்தத்துக்கு லைன் தேவல்ல. வாவிக்கரையில நிண்டு கத்தியிருந்தாலே கொழும்புக்குக் கேட்டிரிக்கும்."

20-02-98 வெள்ளி

கால் வீங்கியிருக்கிறது. நேற்றுத் திரும்பி வரும்போது வவுணதீவு ஆமிச் சென்றியில் பிரதியைக் கண்டுவிட்டார்கள். இது என்ன என்று கேட்டான் காவலில் நின்ற பொடியன். நாடகம் என்றேன். நீ நடிக்கிறவனா? சின்ன வயதில் நடித்தேன் என்று என் வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டது. "அப்ப நடி" என்றான். வரிசையில் நின்றவர்கள் மெதுவாக, ஐயா, ஏதாவது ரெண்டு வார்த்த சொல்லிப்போட்டு வாங்க, நாங்களும் போகவேணும் என்றார்கள்.

நடிக்கவில்லை. பதினொரு மணியிலிருந்து ஒன்றரை வரைக்கும் வெயிலில் நிறுத்திவைத்தான். பிறகு அவனுக்கே அலுத்துவிட்டது.

27-02-98 வெள்ளி

வல்லிபுரத்தின் கடிதம். படப்பிடிப்பு சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு. அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு முன் என் சம்மதம் வராவிட்டால் அந்த ஒளிபரப்பு நேரம் வேறொருவருடைய நாடகத்துக்குப் போய்விடும். 'ஒரு சொல்லுக்காகப் பதின்மூன்று வாரத்தையும் விடப்போகிறீர்களா?'

விடுவேன்.

ஏன் என்று அவருக்கு எழுதமுடியாது. இங்கே எழுதுகிறேன். அது நாடகம் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம். தங்கராசா. எங்களுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். சண்டைக்குப் பயந்து எல்லாரும் டவுன் பக்கம் போகிறார்கள், நாமும் போவோம் என்று ஒரு கிழமையாகக் கெஞ்சினான். என் வீட்டை விட்டு நான் எவனுக்குப் பயந்தும் கிளம்பமாட்டேன் என்றேன். "நீங்க ஆர்ர சொல்லக் கேட்டிருக்கீங்க?" என்றான். கல்குடாவில் தோணி முதலாளி ஒருவரிடம் வேலை இருக்கிறது என்று சைக்கிளை எடுத்தான். கல்குடாவுக்குப் போய்ச் சேரவில்லை. யார் மறித்தது, எங்கே வைத்து, இன்றுவரைக்கும் ஒன்றும் இல்லை. போகாத முகாம் இல்லை. கொடுக்காத மனு இல்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். கிறுகியும் பாராமல் போனானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்படி என்ன கோபம் பெற்ற தகப்பனில்? எட்டு வருடமாக அந்தச் சொல்தான் என் நெஞ்சுக்குள் கிடக்கிறது. அதைத் திரும்பி என்று மாற்றச் சொல்கிறார்கள்.

02-03-98 திங்கள்

இதை எழுதவேண்டும்.

சீதேவி முற்றத்தில் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு கிழமையா அந்தக் கடதாசியோட சண்ட. அப்பிடி என்னதான் எழுதி இரிக்கி?" என்று கேட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஏழாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். 'க்' எப்படி வந்தது என்பதையும் விளக்கினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சுளகு நின்றுவிட்டது.

"இது ஆரு? நானா?"

"நாடகத்தில வாற பொம்புள."

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

"நீ சொன்னதெண்டு நான் எங்க சொன்னன்? அவன் போனது அப்பிடித்தானே."

"இல்ல" என்றாள். "அவன் கிறுகிப் பாத்தவன்."

சுளகைக் கீழே வைத்தாள்.

"நாவலடியில சைக்கிள நிப்பாட்டி, ஒரு கால ஊண்டிக்கொண்டு நிண்டு பாத்தவன். என்னப் பாக்கல்ல, உங்களத்தான். நான் கையக் காட்டினன். நீங்க உள்ளுக்குக் குனிஞ்ச தல நிமிராம எழுதிக்கொண்டிருந்தீங்க. மறுகா கொஞ்சத் தூரம் போய் இன்னொருக்காலும் பாத்தான்."

"எட்டு வரிசமா ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

மறுபடி சுளகை எடுத்துக்கொண்டாள்.

03-03-98 செவ்வாய்

பழைய கொப்பிகளைக் கிளறி அன்றைய தேதியைக் கண்டுபிடித்தேன். நான் தேதி போடாமல் எழுதுகிறவன் இல்லை. அன்று காலை வானொலிக்கு ஒரு பகிடி நாடகம் எழுதியிருக்கிறேன். கள்ளச் சாமியார் ஒருவர் வண்டிலில் இருந்து விழுகிற கட்டம். ஒன்பது பக்கம். ஓர் இடத்தில்கூட அடித்து எழுதவில்லை.

05-03-98 வியாழன்

நம்பாமல் இருக்கப் பார்த்தேன். என்னைக் குத்துவதற்காகச் சொல்கிறாளோ? நாவலடியிலா, வாய்க்கால் கட்டிலா? நாவலடியில. என்ன உடுப்பு? நீலச் சாரம், சங்கிலியில மாட்டாம இரிக்க மடிச்சிக் கட்டியிருந்தவன். எந்தக் காலை ஊன்றினான்? இடதுகால. மூன்று நாளில் நாலு தரம் கேட்டுவிட்டேன். சொல்வது மாறவில்லை. சென்றியில் விசாரிக்கிறவனும் இப்படிக் கேட்டிருக்கமாட்டான்.

நாலாம் தரம் கேட்டபோது என்னை நேராகப் பார்த்தாள். "வசனத்த மாத்துறதுக்கா கேக்கிறீங்க?"

"என்னகா இது, இல்ல" என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் கேட்டேனோ? எனக்கே தெரியவில்லை.

07-03-98 சனி

சோறு இறங்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

09-03-98 திங்கள்

விடிய டவுனுக்குப் போய் வல்லிபுரத்துக்குப் போன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதுமே அவர் சண்டைக்கு ஆயத்தமானது தெரிந்தது.

"ஏழாம் பக்கத்தில அந்த வரிய வெட்டிருங்க" என்றேன்.

"திரும்பி எண்டு போடட்டோ, ஐயா?"

"ஒண்டும் போடவேணாம். தாய் பேசமாட்டா. மகன் கொஞ்சத் தூரம் போய், சைக்கிள நிப்பாட்டிப் பார்க்கட்டும். தாய் கையக் காட்டட்டும். அவன் இன்னும் கொஞ்சம் போய் இன்னொருக்காலும் பார்க்கட்டும். தகப்பன் உள்ளுக்கு இருந்து எழுதிக்கொண்டிரிக்கட்டும்."

"தகப்பன் அந்தக் காட்சியிலை இல்லையே?"

"இரிக்கான். நான்தான் எழுதாம விட்டுட்டன்."

"அப்ப வசனமே இல்லையோ?"

"இல்ல."

மஜீட் இன்றைக்குப் பகிடி ஒன்றும் விடவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். வழக்கத்தைவிடச் சீனி கூட. குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சீதேவியிடம் சொன்னேன், வெட்டிவிட்டேன் என்று. "எத?" என்று கேட்டாள். சொன்னேன். "ம்" என்றாள். அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

19-03-98 வியாழன்

வல்லிபுரத்தின் கடிதம், இந்த முறை உடனேயே. காட்சி எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். தகப்பனாக நடிப்பவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். மகன் இரண்டாம் தரம் பார்க்கும்போது நிமிர்வதா, அல்லது அவன் மறைந்த பிறகு நிமிர்வதா?

சீதேவிக்கும் வாசித்துக் காட்டினேன். நான் பேனாவை எடுக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

நிமிர்வதில்லை என்று எழுதினேன்.