ஆணியில் தொங்கிய சாவி

வியாழன், இரவு

எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளில் வான் வண்டி என்னிடம் மட்டும்தான். சாவி வாசல் ஆணியில் தொங்கும். அவசரமென்றால் யாரும் எடுத்துப் போவார்கள். தர்மபுரத்தில் ஒரு வான் களவு போனபின் சீட்டுக்கடியில் இரகசிய சுவிட்ச் பூட்டுவித்தேன். அதை நிறுத்திவிட்டால் எஞ்சினுக்கு டீசல் போகாது. எவருக்கும் சொல்லவில்லை. சாவியை மட்டும் ஆணியிலேயே விட்டேன். நல்ல பெயரை இழக்க மனமில்லை.

இன்று பக்கத்து வீட்டுச் செல்வனின் மகளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அவன் போனில் கூப்பிட்டது, நான் வேலை செய்யும் நெல் ஆலை இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. சுவிட்ச் நிறுத்தியிருந்த வானைச் சாவி போட்டு முறுக்கி முறுக்கிப் பார்த்துவிட்டு, மழைக்குள் இரவல் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் கொண்டு ஓடியிருக்கிறான்.

பின்னேரம் வந்தான்.

"பிள்ளைக்கு இப்ப சுகமண்ணை. தாய் ஆஸ்பத்திரியில நிக்கிறா. உங்கட பற்றரியின்ர சார்ஜைத்தான் இறக்கிப்போட்டன், குறை நினையாதேங்கோ."

"அதுக்கென்னடா, பழைய வான்தானே," என்றேன்.

"கழற்றித் தாங்கோ. சார்ஜ் போட்டுக்கொண்டு வாறன்."

பற்றரியும் அந்தச் சீட்டுக்கடியில்தான். அவன் டோர்ச் பிடித்தான். சுவிட்ச் தெரியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு கழற்றினேன். அவன் சைக்கிள் கரியரில் நானே இறுக்கிக் கட்டியும் விட்டேன்.