அகதிகள் என்ற தலைப்பின் கீழ்

எடியே, இன்று காலை மகள் கணினியில் பழைய பத்திரிகைச் செய்தி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏதோ நூலகத் தரவுத்தளமாம். ஒரு சொல்லைத் தட்டினால் ஊர்ப்பட்ட செய்திகள் வந்து விழுகின்றன, அவள் கேட்டது மட்டும் வரவில்லை. “எழுதினவன் அதுக்கு என்ன பேர் வைச்சிருப்பான் எண்டு யோசி பிள்ளை” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது உன் பேச்சு. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் என் வாயில் இருக்கிறாய்.

கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் குருநகர்ப் பக்கத்துச் சின்ன நூலகத்தில் வேலை செய்தாய். பத்திரிகை, சஞ்சிகை எது வந்தாலும் செய்திக்கு ஓர் அட்டை எழுதி, தலைப்பு வாரியாகப் பெட்டியில் அடுக்குவாய். கடதாசித் தட்டுப்பாட்டில் கலியாண அழைப்பிதழ்களின் எழுதாத பக்கம்தான் உனக்கு அட்டை. “ஆரோ ஒருத்தற்றை கலியாணத்திலை உலகச் செய்தி எழுதுறாய்” என்று நக்கலடிப்பேன். “சிரி, சிரி. நீயும் ஒருநாள் தேடி வருவாய்” என்பாய்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாரிக் காற்றோடு, குருநகரிலிருந்து என் கணவரும் இன்னொருவரும் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. கலியாணமாகி ஒரு வருடம்கூட இல்லை. கரையெல்லாம் தேடினார்கள், தீவுகளில் விசாரித்தார்கள். பிறகு சனம் தேடுவதை விட்டுவிட்டு அழத் தொடங்கியது. மாமி முப்பத்தோராம் நாள் ஆத்துமப் பூசைக்கு எங்கள் தேவாலயச் சுவாமியிடம் சொல்லிவிட்டார். எனக்கு வெள்ளைச் சேலையும் வந்துவிட்டது.

உன்னிடம் ஓடி வந்தேன். கடல், காற்று, விபத்து, மரணம் என்று எல்லா அட்டைகளையும் புரட்டினேன். ஒன்றுமில்லை. மேசையில் தலையைப் போட்டு அழுதேன். நீ ஆறுதல் சொல்லவில்லை, ஏசினாய்.

“எடி விசரி, நீ செத்தவைக்குள்ளை தேடுறாய். அவர் உனக்குத்தான் கடற்றொழிலாளி. காத்து இழுத்துக்கொண்டு போய் அங்காலை கரையிலை விட்டிருந்தா, அங்கை கண்டவனுக்கு அவர் ஆர்? அகதி!”

அகதிகள் என்ற தலைப்பில் தடித்த கட்டு. இருவரும் நிலத்தில் குந்தியிருந்து பார்த்தோம். தமிழ்நாட்டுக் கரையில் இறங்கியவர்களைப் பற்றி ஓர் அட்டை. அதற்குரிய பத்திரிகையை எடுத்து வந்தாய். செய்தியின் கடைசி வரியில், இயந்திரம் பழுதாகிக் கரையொதுங்கிய குருநகர் ஆட்கள் இருவர் முகாமில் சேர்க்கப்பட்டதாக இருந்தது. பெயர் இல்லை. நீ பேப்பரை மடித்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தாய்.

“உந்தப் பேப்பரை நம்பிப் பூசையை நிப்பாட்டுறதோ?” என்று மாமி கத்தினார்.

“ஓம் மாமி, நிப்பாட்டுங்கோ. பேப்பர் பிழையெண்டா பிறகு வைக்கலாம்தானே. உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஏன் அவசரப்படுறியள்?” சைவக்காரி நீ, எங்கள் முற்றத்தில் நின்று அப்படிச் சொன்னாய். பூசை நின்றது.

சுவாமி அக்கரையில் ஒரு பங்குத் தேவாலயத்துக்கு எழுதினார். பதில் வர மாதங்கள் சென்றன. எனக்குப் பைத்தியம் என்று ஊர் கதைத்தது. நீ ஞாயிறுதோறும் வந்து, பக்கத்தில் இருந்து என்னைச் சாப்பிட வைத்தாய். கடைசியில் அவருடைய கோணல் எழுத்தில் கடிதம் வந்தது: “நான் சுகம். பயப்பிடாதை. வள்ளம்தான் போச்சு.” அடுத்த வருடம் ஆளே வந்து சேர்ந்தார்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் ஊரைவிட்டு நடந்தபோது உன் பெட்டிகளைத் தூக்க வழியிருக்கவில்லை. செத்த வீட்டில் அழுவதுபோல அழுதாய். அப்போதாவது உனக்கு நன்றி சொல்லியிருக்கலாம். “போடி” என்றிருப்பாய். பரவாயில்லை, இப்போது சொல்கிறேன்.

இவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்று மத்தியானமும் குழம்பில் புளி கூடிப்போச்சென்று வீடு அதிரச் சத்தம் போட்டார். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலைத்தானே நீ எனக்குத் தேடி எடுத்துத் தந்தாய்.