தியான முகாமுக்கு ஒரு துண்டு

வாயாடிக்கு,

காலை டியூட்டி நர்ஸுக்குக் காய்ச்சலாம், என்னை வரச் சொல்லிவிட்டார்கள். உன்னை பஸ் ஏற்றிவிட முடியாமல் போயிற்று. டப்பாவில் பிரெட்டும் அவித்த முட்டையும் இருக்கின்றன, பஸ்ஸில் சாப்பிடு. சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடு. தியான முகாமில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதற்கு முன் எனக்கு ஒரு போன் செய். கோபமாக இருந்தாலும் செய்.

நேற்று சர்ச் மறைக்கல்வி டீச்சர் வந்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல முகாமில் நீங்கள் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுவீர்கள் என்றதும், "வீட்ல தின்ன தட்டையே கழுவ மாட்டா, ஊரார் காலைக் கழுவப் போறாளாக்கும்!" என்று சொல்லிச் சிரித்தேன். டீச்சரும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டாய். வாய்க்கொழுப்பு எனக்குத்தான். உனக்கு வந்ததும் என்னிடமிருந்துதான்.

இன்று எழுந்து பார்த்தால், ஒரு பாத்திரம் விடாமல் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாய். மனசு சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க உன் கட்டில்வரை வந்தேன். எழுப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாயோ என்று பயந்து திரும்பிவிட்டேன்.

அம்மா

சொல்ல மறந்துவிட்டேன்: உன் பையிலிருந்த பழைய துண்டை எடுத்துவிட்டு என் புதுத் துண்டை வைத்திருக்கிறேன். யார் காலைக் கழுவினாலும் விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு அப்படித்தான் துடைத்துவிடுவேன். நீ காலை உதறிக்கொண்டு சிரிப்பாய்.