அந்த அரை மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சுண்டெலி எழுதிக்கொள்வது. அம்மா நலம். தங்கைக்கு முன்பல் விழுந்துவிட்டது. யார் வந்தாலும் வாயைத் திறந்து காட்டுகிறாள். என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் கப்பலில் சமையல் வேலைக்குச் சேரும் மாடிவீட்டு மாமா நாளைக்குக் கிளம்புகிறார். அவர் பெட்டியைக் கட்டுவதற்குள் இதைச் சேர்த்துவிட வேண்டும். நீங்கள் போன் செய்யும்போது அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் இதையெல்லாம் பேச முடியவில்லை. பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் கோபிக்காதீர்கள். கை நடுங்குகிறது. ஏன் நடுங்குகிறது என்பதும் இதில்தான் வருகிறது.

முதலில் நல்ல செய்தி. கதவு நிலையில் நீங்கள் பென்சிலால் போட்ட கோட்டை நான் தாண்டிவிட்டேன். பிறந்ததிலிருந்தே தைராய்டு சுரக்காத பெண் இவ்வளவு உயரம் வந்ததற்கு அம்மா விடாமல் மாத்திரை கொடுத்ததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அன்று முழுவதும் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ஆனால் எங்கள் பள்ளியில் உயரப்படிதான் உட்கார வைப்பார்கள். இத்தனை வருடம் முதல் பெஞ்சில் இருந்தவள் இந்த வருடம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கணக்கு டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. எங்கள் பக்கம் திரும்பினால் மறுபடி புரிகிறது. பலமுறை கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லையாம். அம்மாவை வரச்சொல்லி, "பொண்ணு வரவர மந்தமாயிட்டே போறா, மருந்து ஒழுங்கா குடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். மந்தம் என்ற சொல்லை எங்கே கேட்டாலும் அம்மாவின் முகம் எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாளிலிருந்துதான் அந்த அரை மாத்திரை. நம் வீட்டுக் காலை உங்களுக்குத் தெரிந்ததுதானே. நான் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, சாப்பிடக் காத்திருக்கும் நேரம் முழுக்க அம்மாவும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். "நீ பட்டினி கெடக்கையில எனக்கு மட்டும் எறங்குமா?" என்பாள். இப்போது முழு மாத்திரையோடு இன்னொன்றைக் காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியையும் சேர்த்துத் தருகிறாள். டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன். "பெத்தவளுக்குத் தெரியாதா? முழுங்கு" என்றாள்.

அப்பா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மாடிப்படி ஏறி வந்ததுபோல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை, கால் தானாக ஆடுகிறது. "கட்டில் நடுங்குது, அக்கா உள்ள பேய் இருக்கு" என்று தங்கை அம்மாவிடம் படுக்கப் போய்விட்டாள். ஒரு பக்கம் படிப்பதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறேன். நான்! நீங்கள் நம்ப மாட்டீர்கள். மந்தம் என்ற அதே டீச்சர் இப்போது, "ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கிறா" என்கிறார். நான் எப்படித்தான் இருப்பது?

என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. வாய் மூடாது. அவள்தான், "நான் திரும்பிக்கிட்டுப் பேசினா மட்டும் நீ பதில் சொல்றதே இல்ல, என்ன திமிரா?" என்று சண்டைக்கு வந்தாள். எனக்குப் பொறி தட்டியது. நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு ஏதாவது கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. நோட்டை எடுத்ததும் எல்லாம் புரிந்தது. அவள் பயந்துபோய், "அடிப்பாவி, நீ இவ்வளவு நாளா என் பேச்சைப் பார்த்துக்கிட்டா இருந்தே?" என்றாள். அதன்பின் இங்கே இருக்கும் மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினேன். தைராய்டு சுரக்காமல் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குக் காது மந்தமாக இருக்கலாம், அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. என் கழுத்தை எத்தனை டாக்டர்கள் தடவிப் பார்த்திருக்கிறார்கள்! காது கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. யாரும் அதுவரை வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் நீங்களும் ஒரு காரணம் அப்பா. இயந்திர அறையில் கத்திக் கத்திப் பழகிய உங்கள் குரல் எனக்கு எப்போதும் கேட்டுவிடுகிறது. அம்மாவுக்கோ மெல்லிய குரல். "அப்பா கூப்பிட்டா ஒரே குரல்ல ஓடி வர்றா, நான் கூப்பிட்டா செவிடு மாதிரி நிக்கிறா" என்று எத்தனை முறை புலம்பியிருக்கிறாள். அவளே சரியாகச் சொல்லிவிட்டாள், அவளுக்குத்தான் தெரியவில்லை.

அம்மாவிடமே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். "இது ஒண்ணுதான் பாக்கியா? சும்மா எதையாவது படிச்சிட்டு வந்து பயமுறுத்தாதே" என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நெடுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பெரியம்மா வந்தபோது இருவரும் வாசற்படியில் நின்று பேசினார்கள். நான் கூடத்தின் கோடியில் இருந்தேன். எதுவும் கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் உதடு தெரிந்தது. கைக்குழந்தையாக நான் அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தேனாம். தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொல்லச் சொல்ல அவளுக்குப் பெருமையாக இருந்ததாம். "அது நோய்னு தெரியாம பூரிச்சுப் போயிருந்தேன். அப்பவே தூக்கிட்டு ஓடியிருந்தா இவ இன்னும் நல்லா வந்திருப்பா" என்றாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அந்தப் பாதி மாத்திரையைத் துப்பிவிட எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் தரும்போது என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். விழுங்கிவிடுகிறேன்.

அதனால் நீங்கள்தான் பேச வேண்டும். தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள். பெரியம்மா, டீச்சர் யார் பெயரையும் இழுக்காதீர்கள். கப்பலில் உங்களுக்கெல்லாம் அவ்வப்போது காது பரிசோதனை செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறீர்களே, அதையே சொல்லுங்கள். "எனக்குப் பார்த்த மாதிரி பொண்ணுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அதோடு, அரை மாத்திரையை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, இரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லும்வரை ஒரே மாத்திரை போதும் என்பதை நீங்கள் சொன்னால் கேட்பாள். கடிதம் கைக்கு வந்த அன்றே பேசுங்கள் அப்பா. என்னால் காத்திருக்க முடியவில்லை. எதற்குமே காத்திருக்க முடியவில்லை.

மணி அடித்துவிட்டதாம், வானொலி என் சட்டையை இழுக்கிறாள். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். அம்மா அடுப்பு வேலை செய்யும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும் அல்லவா? வரவுசெலவைப் போட்டுப் பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மா பாடுகிறாள் என்று நேற்றுத் தங்கைதான் சொன்னாள். தினமும் பாடுவாளாம். எனக்கு அதைக் கேட்க வேண்டும் அப்பா.

கடல் அமைதியாக இருக்கட்டும். நீங்கள் பத்திரமாக இருங்கள்.

என்றும் உங்கள் அன்பு மகள்,
சுண்டெலி