கோடியில் இரண்டு பங்கு

பூன் லே, சிங்கப்பூர்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள முத்தாயி அண்ணிக்கு,

கவிப்ரியா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்திவிடுவோம், அதனால்தான் கடிதம்.

உங்கள் மில்லில் அரைத்து அனுப்பிய பன்னிரண்டு மூட்டை மிளகாய்த்தூளும் இங்கே சாங்கி விமான நிலையத்தில் நிற்கின்றன. லைசென்ஸ், இறக்குமதி அனுமதி, லேபிள் எல்லாம் சரி. ஆனால் உணவுத் துறையினர் ஒரு மூட்டையில் சாம்பிள் எடுத்துச் சோதித்தார்கள். சாப்பாட்டில் சேர்க்கவே கூடாத சிவப்புச் சாயம் இருக்கிறதாம். மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் லிட்டில் இந்தியாவில் என் கடைக்கு உங்கள் தூள் வரவே வராது.

நேராகவே கேட்கிறேன். நிறத்துக்காக ஏதாவது கலந்தீர்களா? அண்ணன் இருந்தவரை இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

கவி

பரமக்குடி
12 செப்டம்பர் 2024

கவி,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணன் போய் மூன்று வருஷமாக இந்த மில்லை ஒற்றை ஆளாக ஓட்டுகிறேன். மிளகாயில் ஒரு காம்பு தங்க விடமாட்டேன். என்னைப் பார்த்தா கலப்படம் என்கிறாய்? நல்லா இருக்குடி உன் நியாயம்!

எந்த மூட்டை, எவ்வளவு சாயம், விவரமாக எழுது. அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

முத்தாயி

பூன் லே
21 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

ரிப்போர்ட்டை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். படித்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கோடியில் இரண்டு பங்கு சாயமாம்! ஒரு கோடி மிளகாய் விதையைக் குவித்து, இரண்டே இரண்டு விதையைத் தொட்டு ‘இது வேற’ என்று சொன்ன மாதிரி. கார்கோ வேலை பார்க்கும் முகைதீன் அண்ணன், “இருபது வருஷமா இதுல இருக்கேன் லா, எனக்கே புல்லரிக்குது” என்றார்.

இவ்வளவு கொஞ்சமாக யார் கலப்படம் செய்வார்கள்? அதை யோசிக்காமல் கேட்டுவிட்டேன். மூட்டையில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். ஆகஸ்ட் 9 அன்று முதலில் அரைத்தது. அன்றைக்கு மில்லில் என்ன நடந்தது, அண்ணி? காரணம் தெரிந்தால்தான் அடுத்த சரக்கை நம்பி எடுக்க முடியும்.

கவி

பரமக்குடி
30 செப்டம்பர் 2024

அன்புள்ள கவிக்கு,

காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அன்றைக்கு ஆடி வெள்ளி. மெஷினுக்குப் பொட்டு வைத்தேன்.

உன் அண்ணன் வெள்ளி தவறாமல், மிளகாய் கொட்டும் வாய்க்கு வெளியே வைப்பாரே, அதேதான். அவர் போனபிறகு மெஷின் வெறுமனே கிடந்தது. அன்றைக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் வெளியே வைத்தால், புருஷன் போனவளுக்குக் குங்குமத்தில் என்ன வேலை என்று நாலு பேர் கேட்பார்கள். அதற்குப் பயந்து வாயின் உள்விளிம்பில் ஒளித்து வைத்தேன். அது உதிர்ந்து தூளோடு போயிருக்கிறது. கடைக் குங்குமம், சாயம்தானே.

இந்த ஊரில் ஒரு கண்ணுக்கும் படாததைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் பார்த்துவிட்டதே, அம்மாடி! பயமாகவும் இருக்கிறது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

தப்பு என்னுடையது. இனி என் சரக்கு வேண்டாம் என்றாலும் நியாயம்தான்.

முத்தாயி

பூன் லே
10 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணி,

கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். ஒரு துளி சாயத்தை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிட்டது. நீங்கள் இப்படிப் பயந்து பயந்து இருப்பதை மூன்று வருஷமாக நான் கண்டுபிடிக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புதுத் தூளை அங்கேயே சோதித்து, ரிப்போர்ட்டோடு அனுப்புங்கள். சரக்கு எனக்குக் கட்டாயம் வேண்டும். மெஷினுக்கு இனிப் பொட்டு வேண்டாம். அந்தக் குங்குமத்தை உங்கள் நெற்றியில் வையுங்கள். அவர் தங்கை நான் சொல்கிறேன். யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

வேலை முடிந்து, மில்லைப் பூட்டிய பிறகு வையுங்கள். இல்லாவிட்டால் அதையும் இங்கே கண்டுபிடித்துவிடுவார்கள்!

கவி

பரமக்குடி
26 அக்டோபர் 2024

அன்புள்ள கவிக்கு,

புதிதாக அரைத்த பன்னிரண்டு மூட்டைகளும் கிளம்பிவிட்டன. ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது, சாயம் இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. மில்லைப் பூட்டி, முகம் கழுவி, வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

பார்க்கட்டும்.

முத்தாயி