அந்த ஊசியைக் கொண்டு வராதே

சாலை, திருவனந்தபுரம்
ஆவணி 12

என் தங்க மகள் ஷில்பாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே. ஃபோன் சுக்குநூறாகிவிட்டது. உடைத்தது யார் என்று உனக்குத் தெரியும்.

உன் அப்பாவின் வலது கண்ணில் அந்தப் பாழாய்ப்போன ஹெர்பிஸ் வைரஸ் மறுபடியும் வந்தது, அதுவும் ஆவணிப் பிறப்புக்கு முந்தின நாள்! மலையாள ஆண்டின் முதல் போணி அவர் கையால்தானே நடக்க வேண்டும்? செங்கண்ணு, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒருவனும் நம் இரும்புக்கடைப் படி ஏறமாட்டான் என்று, நம் சொந்தக்காரன் வன்னியபெருமாளின் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டுமருந்து வாங்கி ஊற்றிக்கொண்டார். காலையில் கண் வெள்ளை வெளேர். வியாபாரம் ஜோர். அந்த வாரம் முடிவதற்குள் வலி தாங்காமல் கல்லாப்பெட்டியில் தலையை மோதி அலறினார்.

கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் பத்மஜா என்னைத்தான் ஏசினாள். "சேச்சி, இனி ஒரு துள்ளி அந்த மருந்து விட்டா கண்ணு ஓட்டையாயிப் போகும், கேட்டோ" என்றாள். நீ முன்பு சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வைரஸ் பாதி நாசம் செய்தால், அதை அடிக்க வரும் நம் உடம்பின் காவல் அணுக்கள் மீதியை நாசம் செய்யும் என்றாயே. கடையடைப்பு அன்று சாலைக் கடைத்தெருவுக்குள் புகுந்த போலீஸ், கல்லெறிந்தவனை விட்டுவிட்டு நம் கண்ணாடியை நொறுக்கியதே, அது மாதிரி. இந்தச் சொட்டுமருந்து அந்தப் போலீஸின் கையைக் கட்டிப்போட்டது. சிவப்பு போயிற்று, வைரஸ் உள்ளே கருவிழியைத் தின்றது.

இவ்வளவு கேட்டும் மனுஷன் அந்தக் குப்பியை ஒளித்து வைத்து மறுபடியும் ஊற்றப் போனார். பிடுங்கினேன். பித்தளைப் பூட்டை எடுத்து என் முகத்தில் எறிந்தார். புருவத்தில் தையல் போட்டிருக்கிறது. நானும் சும்மா விடவில்லை. மணிக்கட்டைக் கடித்துக் குப்பியை வாங்கி, தெருவில் போட்டு மிதித்தேன். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அவருக்கு நீ வேலை பார்க்கும் புனே ஆராய்ச்சிக்கூடத்து ஹெர்பிஸ் ஊசி வேண்டும். "எலிக்குப் போடுவா, பெத்த அப்பனுக்குப் போடமாட்டாளோ? ஓணத்துக்கு வெறுங்கையோட வந்தா காலை ஒடிச்சிருவேன்" என்று கத்துகிறார். கத்தி ஓய்ந்ததும், மகள் முகத்தை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று அழுகிறார்.

அன்று ஃபோனில் நீயும் அழுது, அந்த ஊசிமருந்தில் ஒரே ஒரு குப்பி கொண்டு வரட்டுமா அம்மா என்று கேட்டாய். வேண்டாம் என்று நான் கத்தும்போதுதான் அவர் ஃபோனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். என் பதில் உன் காதில் விழுந்ததோ என்னவோ.

கொண்டு வராதே. ஊசி போட்ட எலிகளுக்குக் காவல் அணுக்கள் வைரஸ் ஒளிந்திருக்கும் நரம்பிலேயே தங்கி, அதை எழும்பவிடாமல் அமுக்கி வைத்தன என்று துள்ளிக் குதித்தாய். இன்னொரு விதமாகச் செய்த ஊசியில் அதே காவல் வெறிபிடித்து எலியின் கண்ணை அழித்தது என்று சொன்னவளும் நீதான். நோய் வருமுன் போடும் ஊசி, ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் கண்ணை என்ன செய்யும் என்று உனக்கே தெரியாது. வன்னியபெருமாள் பாசத்தில்தான் சீட்டில்லாமல் கொடுத்தான். நீயும் அப்படிக் கொடுக்கப் போகிறாயா?

அவர் மேல் எனக்குக் கொலைவெறி வருகிறது. அவர் கண் போனால் என் நெஞ்சும் வெடித்துவிடும். டாக்டர் தந்த மாத்திரையை வாயில் திணிக்கிறேன், துப்பினால் மறுபடியும் திணிக்கிறேன். புண் ஆறினால் கருவிழி மாற்றி வைக்கலாம் என்கிறாள் பத்மஜா. அதுவரை இந்த மல்லுக்கட்டு என்னோடு போகட்டும்.

ஓணத்துக்கு நீ வர வேண்டும். வெறுங்கையோடு வா, மக்ளே. அவர் கண் போனாலும் உன் கையால் போனதாக இருக்கக்கூடாது. கதவை நான்தான் திறப்பேன். என்னைத் தாண்டி உன் மேல் ஒரு விரல் படாது.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அம்மா உலகம்மாள்