கையெழுத்தைக் கேட்காத மிஷின்

என்னங்க,

நீங்கள் அனுப்பிய பணம் கணக்கில் வந்துவிட்டது என்று போனில் சொன்னேன். அது பொய்யில்லை. மூன்று மாதமாக அது அங்கேயே கிடக்கிறது என்பதைத்தான் சொல்லவில்லை.

நம் ஊர் வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். மளிகைக்கடையில் ஒரு சின்ன மிஷின் இருக்கிறது. கட்டைவிரலை வைத்தால் பணம். சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷம் பிளீச்சிங் தண்ணீரில் ஊறிய விரல் இது. மிஷினுக்கு ரேகையே தெரியவில்லை.

"கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"அதை வச்சு நான் என்னக்கா பண்றது?" என்று கடைக்காரர் சிரித்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் அடுப்படித் தரையில் நீங்கள் கரியால் என் பெயரை எழுத, நான் அதன்மேல் விரலை ஓட்டிப் பழகினேனே, ஞாபகம் இருக்கிறதா? வங்கியில் முதல் கையெழுத்துப் போட்ட அன்று நீங்கள் மைப்பெட்டியைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

"இனிமே இது என் பொண்டாட்டிக்கு வேணாம் சார்."

வீடு வரும்வரை மை படாத விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெயரில் தொடங்கியதுதான், இன்று கடிதமே எழுதுகிறேன்.

"எல்லாம் போன்லயே எடுக்கலாம்டி" என்கிறீர்கள். உங்கள் நகரத்தில் எடுக்கலாம். என் பட்டன் போனில் உங்கள் குரல் மட்டும்தான் வரும், அதுவும் மொட்டைமாடியில் நின்றால்.

எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்காதீர்கள். கண்ணாடியில் காது கொஞ்சம் வெறிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்களாவது பார்த்துவிட்டு, இது நான்தான் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி